எந்தக் கிளாடி?

சென்னை மெரினாவில் சிலையாக நிற்கும் ராபர்ட் கால்டுவெல் எங்கே பிறந்தார்? ‘அயர்லாந்தில்’ என்று பலரும் சொல்லிவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் ‘கிளாடி’ என்பார்கள். வம்ச வரலாறு தேடுபவருக்குச் சிக்கல் தொடங்குவதே அந்தப் பெயரில்தான். அயர்லாந்தின் வடபகுதியில் கிளாடி ஒன்று மட்டும் இல்லை. டைரோன் கவுண்டியில் ஸ்ட்ரபேன் நகருக்கு அருகே ஒரு கிளாடி இருக்கிறது. லண்டன்டெரி கவுண்டியில் இன்னொன்று. 1814-ல் கால்டுவெல் பிறந்தது ஆன்ட்ரிம் கவுண்டியைச் சேர்ந்த கிளாடியில். அவர் பேர்பெற்ற ஆயர் என்பதால் கவுண்டியின் பெயரையும் சேர்த்து யாரோ எழுதி வைத்தார்கள். பஞ்சத்தில் கப்பலேறிய உருளைக்கிழங்கு விவசாயியின் மகனுக்கு அந்த வசதி கிடையாது.

1845 முதல் சில ஆண்டுகள் நீடித்த பெரும் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்குக் குறையாதவர்கள் நாட்டை விட்டே போனார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் இன்று பாஸ்டனிலும் சிட்னியிலும் இருந்துகொண்டு பழைய பதிவுகளைப் புரட்டுகிறார்கள். ‘பிறந்த இடம்’ என்ற கட்டத்தில் ஏதோ ஒரு பெயர் தெரிந்ததும், அதை வரைபடத்தில் தேடி, முதலில் அகப்பட்ட ஊரைப் பூர்வீகம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது தவறு. அந்தக் கட்டத்தில் இருப்பதை முகவரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் கேட்டார், இன்னொருவர் பதில் சொன்னார், மூன்றாமவர் காதில் விழுந்தபடி எழுதினார். கேட்டது யார், எதற்காகக் கேட்டார் என்று தெரியாமல் அந்தப் பதிலுக்குப் பொருள் கொள்ள முடியாது.

1901, 1911 கணக்கெடுப்புப் படிவங்களையே பார்க்கலாம். முழுமையாக எஞ்சியிருக்கும் பழைய ஐரிஷ் கணக்கெடுப்புகள் இந்த இரண்டுதான். 1861, 1871-ஆம் ஆண்டுப் படிவங்களை அரசே அழித்தது. 1881, 1891-ஆம் ஆண்டுப் படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. அவற்றுக்கும் முந்தியவற்றில் பெரும்பகுதி, 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் மூண்ட தீயில் சாம்பலானது. மிஞ்சிய இந்தப் படிவத்தில் பிறந்த இடத்துக்கென்று ஒரு பத்தி உண்டு. அயர்லாந்தில் பிறந்திருந்தால் கவுண்டி அல்லது நகரத்தின் பெயர், வெளியே பிறந்திருந்தால் நாட்டின் பெயர். கேட்டது அவ்வளவுதான். எனவே ‘கார்க்’ என்று எழுதியவர் கார்க் நகரத்துக்காரராக இருக்கலாம். அயர்லாந்திலேயே பெரிய கவுண்டியான கார்க்கின் ஏதோ ஒரு கடற்கரைக் குடிசையில் பிறந்தவராகவும் இருக்கலாம்.

குடும்பம் வாழ்ந்த மண்ணைத் தொட வேண்டுமானால் ‘டவுன்லேண்ட்’ வரை இறங்கியாக வேண்டும். பெயரில் டவுன் இருக்கிறதே தவிர, அது நகரம் அல்ல. நிலப் பிரிவுகளில் மிகச் சிறியது. நாடு முழுவதும் 60,000-க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள் உள்ளன. ஓர் ஏக்கருக்குள் அடங்குவதும் உண்டு, 7,000 ஏக்கரைத் தாண்டுவதும் உண்டு. அவற்றுக்கு மேல் பாரிஷ், பேரனி, கவுண்டி என்று அடுக்குகள். கத்தோலிக்கத் திருச்சபையின் பாரிஷ் எல்லையும் அரசின் பாரிஷ் எல்லையும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பாரிஷும் நிலவரிப் பதிவேட்டில் வேறொரு பாரிஷும் இருந்தால், குடும்பம் இடம்பெயர்ந்தது என்று முடிவு செய்ய வேண்டாம். அதே வீட்டில் இருந்திருக்கலாம்.

1864-ல் தொடங்கிய பிறப்பு, இறப்புப் பதிவு இன்னொரு குழியை வெட்டி வைத்திருக்கிறது. பதிவு மாவட்டங்களை ஏழைகள் நிவாரண ஒன்றியங்களின் எல்லையை வைத்துப் பிரித்தார்கள். சந்தை நகரம் ஒன்றை நடுவில் வைத்து, சுற்றியுள்ள கிராமங்களைச் சேர்த்தவை இந்த ஒன்றியங்கள். கவுண்டி எல்லையைப் பொருட்படுத்தாதவை. பார்சன்ஸ்டவுன் ஒன்றியத்தில் கிங்ஸ் கவுண்டியின் ஊர்களும் இருந்தன, டிப்பரரி கவுண்டியின் ஊர்களும் இருந்தன. டிப்பரரியில் பிறந்த குழந்தைக்கு அட்டவணையில் பார்சன்ஸ்டவுன் என்று விழுந்திருக்கும். பேரன் இன்றைய வரைபடத்தைத் திறந்தால் அந்தப் பெயரே கிடையாது. பார்சன்ஸ்டவுன் இப்போது பிர். கிங்ஸ் கவுண்டி இப்போது ஆஃபலி.

பெயர் மாற்றங்களுக்குப் பின்னால் அரசியல் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ராணி மேரியின் பெயரால் குயின்ஸ் கவுண்டி, அவர் கணவரான ஸ்பெயினின் பிலிப் பெயரால் கிங்ஸ் கவுண்டி. மேரிபரோ பின்னாளில் போர்ட்லீஷ் ஆனது. கோவ் துறைமுகம் 1849-ல் விக்டோரியா ராணி வந்து போனதும் குயின்ஸ்டவுன் ஆகி, 1920 வாக்கில் மறுபடியும் கோவ் ஆனது. அங்கிருந்து கப்பலேறிய எத்தனையோ பேர் அந்த ஊர்க்காரர்களே அல்ல. ஏறிய துறைமுகத்தைப் பிறந்த ஊராகக் குறித்துக்கொள்ளும் பிழை இன்றும் குடும்ப மரங்களில் தொடர்கிறது.

எழுத்துக்கூட்டல் தனிக் கதை. ‘பேல்யே’ என்பது ஐரிஷ் மொழியில் ஊர்; ஆங்கிலத்தில் ‘பாலி’ ஆயிற்று. தேவாலயத்தைக் குறிக்கும் ‘கில்’, குன்றைக் குறிக்கும் ‘நாக்’ என்று தொடங்கும் ஊர்களுக்குக் கணக்கே இல்லை. 1830-ல் நில அளவைத் துறையில் சேர்ந்த ஜான் ஓ’டோனவன் கவுண்டி கவுண்டியாகச் சென்று, உள்ளூர்க்காரர்கள் வாயால் பெயரைச் சொல்லக் கேட்டார். பழைய ஆவணங்களில் ஒரே ஊர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்று ஏட்டில் வரிசையாகக் குறித்து, கடைசியில் ஒரு வடிவத்தைப் பரிந்துரைத்தார். வரைபடத்தில் ஏறியது பெரும்பாலும் அதுதான். அதற்கு முன் நாடு விட்டுப் போனவருக்கு அந்த எழுத்துக்கூட்டல் தெரியாது. ஆகவே பழைய பெயரைக் கண்ணால் தேடாமல் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

அவசரத்தின் விலை என்ன என்பதற்கு ஆனி மூர் சாட்சி. 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க் எல்லிஸ் தீவில் முதலாவதாக இறங்கிய கார்க் பெண் அவர். பின்னாளில் டெக்சாஸில் வாழ்ந்த ஓர் ஆனி மூரே அவர் என்று பல்லாண்டுகள் நம்பினார்கள். அந்தக் குடும்பத்தை விழாக்களுக்கும் அழைத்தார்கள். டெக்சாஸ் பெண் பிறந்தது அமெரிக்காவின் இல்லினாயில்தான் என்பதை ஆவணங்கள் காட்டின. உண்மையான ஆனி நியூயார்க்கை விட்டு நகரவே இல்லை என்பது 2006-ல் வெளிவந்தது. பெயர் பொருந்தியது, பிறந்த இடத்தை யாரும் நெடுநாள் சரிபார்க்கவில்லை.

உறுதியாகத் தெரியாதபோது ‘அயர்லாந்து’ என்று மட்டும் எழுதி நிறுத்துவதே நேர்மை. தவறான ஊரை எழுதினால், அடுத்து வருபவர் அதை நகலெடுப்பார். சரியான ஊரை அதன்பின் யாரும் தேட மாட்டார்கள். தேடலைக் குடியேறிய நாட்டிலிருந்தே தொடங்குவது நல்லது. ‘பாஸ்டன் பைலட்’ இதழ் 1831 முதல் 1921 வரை, தொலைந்துபோன உறவினரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. தம்பியைத் தேடும் அக்கா ‘அயர்லாந்து’ என்று போட்டுவிட்டு நிறுத்த மாட்டாள். கவுண்டி, பாரிஷ், சில வேளைகளில் டவுன்லேண்ட் வரை சொல்வாள். தம்பி படித்ததும் தன்னைத்தான் தேடுகிறார்கள் என்று அவனுக்குப் புரிய வேண்டுமே!

அந்தப் பெயர்கள் இன்னும் சாகவில்லை. 1970-களில் வட அயர்லாந்தில் அஞ்சல் துறை சாலைப் பெயரும் வீட்டு எண்ணும் கொடுத்து, டவுன்லேண்ட் பெயர்களை முகவரியிலிருந்து ஒதுக்கியது. ஃபெர்மனா கவுண்டி மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே இன்றும் கடித உறைமேல் டவுன்லேண்டின் பெயர் இருக்கிறது.