வெறிச்சோடிய வீதியும் விடுவிக்கப்பட்ட வீதியும்

தீவகத்தைப் பற்றிச் சுற்றுலாப் பயணிகளுக்காக எழுதப்படும் குறிப்புகளில் அண்மைக்காலமாக ஒரு புகழுரை தவறாமல் இடம்பெறுகிறது. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைத் தாண்டிவிட்டால் வாகன நெரிசல் என்ற பேச்சுக்கே இடமில்லை, இரு மருங்கும் கடல், சைக்கிளில் சுற்றித் திரிவதற்கு இதைவிட ஏற்ற இடம் கிடையாது என்பது அதன் சாரம். நம்மவர் பலரும் இதைப் படித்துப் பூரித்துப்போய் ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்கிறார்கள். எனக்கு அந்தப் பூரிப்பு வரவில்லை. மடத்துவெளியில் வாகனங்கள் இல்லாததற்குக் காரணம் மிக எளியது. அங்கே ஆட்கள் இல்லை.

1990 ஆகஸ்டில் ஊர்காவற்றுறைப் பகுதியும், 1991 ஒக்டோபரில் புங்குடுதீவும் இராணுவத்தின் கைக்குப் போயின. எங்கள் ஊர் ஏறத்தாழ முழுவதுமாக எழுந்து போனது அந்த நாட்களில்தான். போனவர்களில் ஒரு பகுதியினர் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கொழும்பிலும் தங்கினர். பெரும்பகுதியினர் கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்ஸ், ஜேர்மனி என்று சிதறினர். திரும்பி வந்தவர்கள் சிலரே. இன்று வாணர் பாலத்தைக் கடந்து ஊருக்குள் நுழைபவர் முதலில் காண்பது கூரையில்லாத கல்வீடுகளையும், உள்ளே ஆலமரம் முளைத்த சுவர்களையும், தூர்ந்த கிணறுகளையும்தான். சைக்கிளில் வரும் வெளிநாட்டுப் பயணிக்கு இது அமைதியான நாட்டுப்புறம். எங்களுக்கு இது பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய வீடுகளின் வரிசை. அந்தப் பயணியில் எனக்குக் கோபமில்லை. அவருக்கு வரலாறு தெரியாது. தெரிந்த நாமே இந்த வெறுமையைச் சந்தைப்படுத்தும் சரக்காக்கப் புறப்பட்டிருக்கிறோமே, அதில்தான் எனக்குக் கோபம்.

வாகனமற்ற வீதி என்பது உலகில் வேறு சில இடங்களிலும் உண்டு. அது எப்படி உண்டாயிற்று என்று பார்ப்பது பயன் தரும். ஜேர்மனியின் மேற்கே ஐஃபெல் என்றொரு மலைப்பிரதேசம் இருக்கிறது. எரிமலைகள் ஆக்கிய நாடு அது. நிலத்தடி நீரும் தீக்குழம்பும் சந்தித்து வெடித்த பள்ளங்களில் நீர் நிறைந்து வட்ட வட்டமான ஏரிகளாக நிற்கின்றன. 'மார்' என்று அவற்றை அழைக்கிறார்கள். அவற்றுள் ஆக இளையதற்கே ஏறத்தாழ 11,000 வயது. டவுண் என்ற சிறு நகரிலிருந்து மோசல் ஆற்றங்கரையிலுள்ள பேர்ன்காஸ்ரல்-கூஸ் வரை, ஐம்பது கிலோமீற்றருக்கு மேல், அந்த மலைநாட்டினூடாக ஒரு சைக்கிள் பாதை செல்கிறது. உறவினரைப் பார்க்கப் போயிருந்தபோது அதில் ஒருநாள் உழக்கியிருக்கிறேன்.

மலைநாடு என்றதும் மூச்சு வாங்கும் என்று எண்ணிப் போனவனுக்கு ஆச்சரியம் காத்திருந்தது. ஏற்றம் தெரியவேயில்லை. காரணம், பாதையின் பெரும்பகுதி கைவிடப்பட்ட புகையிரதப் பாதையின் மேல் போடப்பட்டது. நீராவி இயந்திரத்தால் செங்குத்தாக ஏற முடியாது. ஆகவே ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் பொறியியலாளர்கள் மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்குகளுக்கு மேலே பாலங்கள் கட்டியும் சாய்வைக் குறைத்து வைத்திருந்தார்கள். புகையிரதம் நின்றது. தண்டவாளம் போனது. அந்தச் சாய்வு மட்டும் எஞ்சியது. அதன்மீது தார் போட்டு, வழிகாட்டிப் பலகைகள் நட்டு, கார்கள் நுழைய முடியாதபடி செய்து மக்களிடம் கொடுத்துவிட்டார்கள். கோடைகாலத்தில் சைக்கிள்களை ஏற்றிச் செல்லும் இழுவைப்பெட்டி பூட்டிய பேருந்து ஆற்றங்கரையிலிருந்து மேலே போகிறது. இயலாதவர் பேருந்தில் ஏறி, இறக்கத்தில் உருண்டு வரலாம்.

அந்தப் பாதையில் நான் கண்டவர்களில் உல்லாசப் பயணிகள் மட்டும் இருக்கவில்லை. கடைக்குப் போகும் கிழவி இருந்தாள். குழந்தையைப் பின்னால் இருத்தி உழக்கிய தாய் இருந்தாள். ஊர் அங்கே உயிரோடு இருக்கிறது. கார்கள் பக்கத்து வீதியில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றிடமிருந்து ஒரு துண்டு நிலத்தைத் திட்டமிட்டு, பணம் செலவழித்து விடுவித்திருக்கிறார்கள். அது விடுவிக்கப்பட்ட வீதி. எங்களுடையது வெறிச்சோடிய வீதி. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டுவது அறியாமை அல்லது வியாபாரம்.

சைக்கிள் ஓட்டுவதன் அருமையை யாழ்ப்பாணத்தவனுக்கு எவரும் போதிக்கத் தேவையில்லை. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாடு முழுவதும் இரண்டு சில்லுகளின் மேலேதான் ஓடியது. விறகு, மரக்கறி, நோயாளி, பிணம் எல்லாம் சைக்கிளில் போயின. மின்சாரமற்ற இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டோம். என் பத்திரிகைத் தொழிலின் முதலாண்டுகள் முழுவதும் ஒரு பழைய லுமாலாவின் கரியரில் கட்டிய குறிப்புப் புத்தகத்தோடு கழிந்தன. 1995 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் ஏறி ஓட்ட இடமில்லாமல், வீட்டையே சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு நகர்ந்தவர்கள் நாங்கள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது நாடு முழுவதும் சைக்கிளைத் தேடி அலைந்தது. எரிபொருள் வந்ததும் மறந்துபோனது. நாமும் மறந்துபோனோம். சைக்கிள் நமக்கு இல்லாமையின் சின்னமாகிவிட்டது. வெள்ளைக்காரர் ஓட்டினால் சுற்றுலா, நம்மவர் ஓட்டினால் வறுமை.

இனித் தீவக வீதியின் நிலையைப் பார்ப்போம். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். எரிமலையும் இல்லை, மேடும் இல்லை. ஆனால் ஏற்றமில்லை என்று சொல்பவர் சோளகக் காற்றில் வாணர் பாலத்தைக் கடந்து பார்த்ததில்லை என்பேன். வேலணையிலிருந்து புங்குடுதீவு தென்மேற்கே இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்தே வீசும். ஊருக்குப் போகிறவனின் நெஞ்சிலே கைவைத்துத் தள்ளும். மார்கழியில் வாடைக்காற்று திசைமாறி நின்று, ஊரைவிட்டு வருபவனை மறிக்கும். மலையாவது ஏறியபின் இறங்கவிடும். இந்தக் காற்றுக்கு அந்தத் தாட்சண்யமும் இல்லை. ஒதுங்குவதற்கு ஒரு மரம் கிடையாது. தாகத்துக்குக் குடிக்கலாம் என்றால் பல கிணறுகளில் உவர்நீர். ஒடுங்கிய பாலத்தில், நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு பிடிக்கக் குறிகட்டுவான் நோக்கி விரையும் வான்களும் பேருந்துகளும் எதிரே வரும்போது, சைக்கிள்காரன் கடலோரமாக ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். வாகன நெரிசல் இல்லை என்பது உண்மை. ஆனால் நெரிசல் இல்லாத நேரான வீதியில்தான் வாகனம் வேகமெடுக்கிறது.

நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் வருபவர்களை நான் குறைசொல்லவில்லை. அவர்கள் வரட்டும். ஆனால் அவர்களுடைய வாகனம் எங்கள் ஊரை ஊடறுத்துப் போகிறது, ஊரில் நிற்பதில்லை. வீதியை அகட்டினால் இன்னும் வேகமாகப் போகும், அவ்வளவுதான். சைக்கிளில் வருபவன் நிற்பான். நின்றே ஆகவேண்டும். அவனுக்குத் தண்ணீர் வேண்டும், தேநீர் வேண்டும், சில்லுக்கு ஒட்டுப்போட ஆள் வேண்டும், சிலவேளை இரவு தங்க ஓர் அறை வேண்டும். மெதுவாகப் போகிறவனால்தான் ஓர் ஊரில் கடை திறக்கும். இது கவிதையல்ல, கணக்கு.

இதற்கு மூன்று மறுப்புகள் வழக்கமாக வரும். முதலாவது, இந்த வெயிலில் யார் சைக்கிள் ஓட்டுவார் என்பது. வெயிலை யாராலும் மாற்ற முடியாது, நிழலை உண்டாக்க முடியும். வேம்பும் பூவரசும் எங்கள் மண்ணில் வளராத மரங்களா? இரண்டாவது, ஊரில் இருப்பவர்களே மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள் என்பது. எல்லாரும் மாறவில்லை. பாடசாலைப் பிள்ளை மாறவில்லை, ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் மாறவில்லை, கடற்றொழிலாளி மாறவில்லை. மாறாதவர்கள் குரல் எழுப்பாதவர்கள் என்பதால் கணக்கில் விடுபடுகிறார்கள்.

மூன்றாவது, நான்கு சைக்கிள்காரருக்காக இவ்வளவு செலவா என்பது. இதற்கு விடையைப் புதுக்கோட்டையில் தேடலாம். 1990களின் தொடக்கத்தில், அம்மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்பித்தது. ஒரு இலட்சத்துக்கும் அதிகமான பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். தண்ணீர் எடுக்கவும் வேலைக்குப் போகவும் ஆணின் கையை எதிர்பார்த்திருந்த பெண், தன் நேரத்துக்குத் தானே சொந்தக்காரியானாள். அதற்கு முன்னர் அங்கே எத்தனை பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள் என்று எண்ணிப்பார்த்துத் திட்டம் போட்டிருந்தால், அந்த இயக்கம் தொடங்கியே இருக்காது.

ஆகவே என் கோரிக்கைகள் இவை.

ஒன்று: பண்ணையிலிருந்து குறிகட்டுவான் வரை வீதியிலோ பாலத்திலோ எப்போது கைவைத்தாலும், சைக்கிளுக்கென ஓரத்தில் தனித்தடம் ஒதுக்க வேண்டும். வாகன வேகத்துக்கு எல்லை வைத்து, அதைக் கண்காணிக்கவும் வேண்டும்.

இரண்டு: அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, மடத்துவெளி ஆகிய இடங்களில் நிழலும் நன்னீரும் உள்ள தரிப்பிடங்கள் வேண்டும். பழைய காலத்தில் மடமும் சுமைதாங்கியும் கட்டிவைத்தவர்களின் வழிவந்த எமக்கு இது புதிய சிந்தனை அல்ல. எங்கள் குறிச்சியின் பெயரிலேயே மடம் இருக்கிறது.

மூன்று: குறிகட்டுவானிலிருந்து புறப்படும் படகுகளிலும் ஊர்காவற்றுறை – காரைநகர் பாதையிலும் சைக்கிளை ஏற்ற முறையான இடம் வேண்டும். பண்ணையால் போய், வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர், பொன்னாலைப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் திரும்பும் வட்டப்பாதை அப்போது ஒரே நாளில் கைகூடும்.

நான்கு: இவற்றுள் எதுவானாலும் முதலில் ஊர்ப் பிள்ளை பாடசாலைக்குப் போகும் வழியில் தொடங்க வேண்டும். உல்லாசப் பயணி அந்த நிழலைக் கடன் வாங்கிக்கொள்ளட்டும்.

இவை வேலணைப் பிரதேச சபைக்கும் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும் சொல்பவை. புலம்பெயர்ந்த எம்மூரவர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். கோயில் கோபுரங்களுக்கு நீங்கள் அனுப்பிய பணத்தின் அளவை ஊரறியும். அதில் தவறில்லை. ஆனால் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்க்க வீதியில் ஆள் வேண்டும். ஐஃபெலிலும் ஆல்ப்ஸ் அடிவாரத்திலும் ஒன்ராறியோவிலும் உங்கள் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் பாதைகளை நீங்கள் அன்றாடம் பார்க்கிறீர்கள். அவை தாமாக முளைக்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒரு கோபுரத்தின் ஒரு தளத்துக்கான செலவில் மடத்துவெளியிலிருந்து குறிகட்டுவான் வரை வேம்பு நட்டு, வேலியடைத்து, ஐந்தாண்டு தண்ணீரும் ஊற்றலாம்.

எங்கள் வீதியில் நெரிசல் இல்லை என்று இனி யாராவது புகழ்ந்தால் நன்றி சொல்லாதீர்கள். ஏன் இல்லை என்பதைச் சொல்லுங்கள். பிறகு ஒரு மரம் நடச் சொல்லுங்கள்.