பஞ்சப்படி உபகாரமா?

புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் மளிகைச் சாமான் வாங்கிக்கொண்டு நிற்கையில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை ஒன்று உண்டு: ஓய்வுபெற்றவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்க்கார் பஞ்சப்படி என்று பணத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது, வேலை செய்யாதவர்களுக்கு இத்தனை விருத்தி எதற்கு என்பதே அது.

விருத்தி என்ற சொல்லே இங்குப் பொருந்தாது. 2016 ஜனவரியில் ஒருவருக்கு நிர்ணயமான அடிப்படை ஓய்வூதியம் 10,000 ரூபாய் என்று கொள்வோம். தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் பன்னிரண்டு மாதச் சராசரி, அடிப்படையாகக் கொண்ட பழைய நிலையிலிருந்து எத்தனை சதவீதம் ஏறியதோ அத்தனையே பஞ்சப்படி. அதிலும் பின்னம் கழிந்துவிடும். 2024ஆம் ஆண்டுச் சராசரிப்படி ஏற்றம் 55.98 சதவீதமாயிருக்க, 2025 ஜனவரிக்குரியதாகக் கிடைத்தது 55. தமிழக அரசு அதை அறிவித்தது ஏப்ரல் இறுதியில். ஆகவே 2025 ஜனவரியின் 15,500 ரூபாய், 2016இன் 10,000 வாங்கிய பண்டத்தை முழுதாக வாங்கவில்லை. நம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்து நாணயமான அம்மன் காசிலே பிரகதாம்பாளின் திருவுருவம் கடைசிவரை மாறவில்லை. அந்தக் காசு வாங்கிய பண்டமே காலந்தோறும் குறைந்தது.

இரண்டாவது வாதம் கஜானாவைப் பற்றியது: கஷ்டகாலத்தில் சிறிது நிறுத்திவைத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்பார்கள். நஷ்டத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம். கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டில் 17 சதவீதத்திலேயே நின்ற படி, முறைப்படி 2020 ஜனவரியில் 21, ஜூலையில் 24, 2021 ஜனவரியில் 28, ஜூலையில் 31 என்று ஏறியிருக்க வேண்டும். 2022 ஜனவரியிலேதான் 31 ஆயிற்று. இடைக்கால நிலுவை வரவேயில்லை. மேற்சொன்ன 10,000 ரூபாய்க்காரர் அந்த இருபத்து நான்கு மாதங்களில் இழந்தது 21,600 ரூபாய். மருந்துக் கடைக்காரர் அக்காலத்தில் விலையை நிறுத்திவைக்கவில்லை.

அரசுப் பேருந்துகளை ஆயுள் முழுதும் ஓட்டி ஓய்ந்தவர்களின் நிலை இதனினும் கொடியது. 2015இன் இறுதியிலிருந்து எட்டாண்டுக் காலம் போக்குவரத்துக் கழக ஓய்வூதியர்க்குப் பஞ்சப்படி உயராமையால், 2024 ஜனவரி வேலைநிறுத்தத்தில் அது முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று. அறந்தாங்கிக்கும் பொன்னமராவதிக்கும் நள்ளிரவிலும் வண்டி ஓட்டியவர்களைப் பார்த்து, உமக்கு ஏன் விருத்தி என்று கேட்க எனக்கு மனம் துணியாது.

பஞ்சப்படியால் விலைவாசி ஏறுகிறது என்று சொல்வோரும் உண்டு. அது காரியத்தைக் காரணமாக்குவது. விலை ஏறி, சராசரி எடுத்து, மாதங்கள் கடந்த பின்னரே படி வருகிறது.

இவை யாவற்றுக்கும் வேர், 'உபகாரச் சம்பளம்' என்று ஓய்வூதியத்துக்கு இருந்த பழைய பெயர் மனத்தில் பதித்துவிட்ட எண்ணம். 1982 டிசம்பரில் ஓய்வூதியர் நகரா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம், ஓய்வூதியம் எஜமானின் கருணையைப் பொறுத்த தானமன்று, செய்த ஊழியத்துக்குரிய உரிமை என்று தெளிவாகத் தீர்ப்பளித்தது. உரிமையான தொகையின் மதிப்பை ஆண்டுதோறும் தேயவிடுவது, அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பறிப்பதாகாதா?

ஒன்றுமே இல்லாத ஏழைகள் இருக்கையில் இவர்களுக்கு மட்டுமா என்ற கேள்வியில் மட்டும் நியாயம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. வருங்கால வைப்பு நிதித் திட்டத்துக் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்குப் பஞ்சப்படி கிடையாது. 2011இல் 1,000 ரூபாயான முதியோர் உதவித்தொகை 1,200 ஆகப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஆலங்குடிப் பக்கத்து மூதாட்டிக்கு அரிசியும் எண்ணெயும் பழைய விலையில் கிடைப்பதில்லையே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கப்படும் அந்தக் குறியீட்டெண்ணை அவளுடைய தொகைக்கும் பார்க்கவேண்டும் என்றே கேட்கிறேன்.