கோப்புமரமும் நெடுங்கணக்கும்

கணினித் திரையிலே கோப்புகளையும் கோப்புறைகளையும் மரவடிவிற் காட்டும் முறை இன்று மாணவர் யாவரும் அறிந்ததொன்று. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 95 அதனைப் பலரும் அறியச் செய்தது. பகவத்கீதையின் 15ஆம் அத்தியாயம் கூறும் அசுவத்தம் போல, இம்மரத்துக்கும் வேர் மேலே, கிளைகள் கீழே. கோப்புறையின் அருகிலுள்ள குறியை அழுத்தின் உட்கிளைகள் விரியும். மீண்டும் அழுத்தின் ஒடுங்கும்.

இம்மரத்தின் பயன் யாது? தேடும் பொருள் எவ்விடத்து நிற்கும் என்பதைக் கண் முன்னரே அறிதலாம். அதற்குக் கிளைகள் பொருளியைபுடன் பிரிதல் வேண்டும். பெயர்கள் முறைப்படி நிற்றலும் வேண்டும். முன்னையது கோப்பு வைப்போர் கடமை. பின்னையது மென்பொருள் இயற்றுவோர் கடமை. அக்கடமையிலே தமிழுக்குக் குறை நேர்கின்றது என்பதே எமது முறைப்பாடு.

கல்லூரிப் பதிவுகளைக் கட்டுரைகள், கடிதங்கள், மலர்கள், மன்றங்கள் என நான்கு கோப்புறைகளில் வைப்பதாகக் கொள்வோம். அகராதி பயின்றோர் இவ்வரிசையிலேயே தேடுவர். டகர மெய் அதன் உயிர்மெய்க்கு முந்தியது. னகரமோ தொல்காப்பியர் கூறும் முப்பது எழுத்துக்களுள் இறுதியானது. ஆதலின் லகரத்துக்குப் பிந்தியது. எழுத்துக்களின் குறியீட்டெண்ணை மட்டும் நோக்கும் மென்பொருளிலோ கடிதங்கள் முந்தக் கட்டுரைகள் பிந்தும். மன்றங்கள் முந்த மலர்கள் பிந்தும். நான்கு பெயர்களில் இது சிறு தடுமாற்றம். நானூறு பெயர்களில், உரிய இடத்திற் காணாதவர் அக்கோப்பு இல்லையென்றே எண்ணி அகல்வர்.

காரணம் வெளிப்படை. யூனிகோடு, இந்திய மொழிகளுக்கென 1988இல் அமைந்த இஸ்கி முறையைத் தழுவியது. அதில் எல்லா எழுத்துமுறைகளும் ஒரே சட்டகத்தில் அடைக்கப்பட்டன. ஆகவே னகரம் நகரத்தின் அருகிலும், றகரம் ரகரத்தின் அருகிலும், ழகரம் ளகரத்தின் அருகிலும் இடம்பெற்றன. புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின் நின்றது. எனினும் குறியீட்டெண் அகராதி வரிசை ஆகாது என்பதை யூனிகோடு அமைப்பினரே கூறி, வரிசைப்படுத்தற்கு வேறு விதிகளும் வகுத்துள்ளனர். ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில், மொழி இன்னதென்று கூறி அவ்விதிகளை அழைக்க ஓரிரு வரிகளே போதும். அவ்வரிகளை எழுதாவிடின் எண்வரிசையே வரும். ஆகவே குறை தமிழின்கண் உள்ளதன்று, முயற்சியின்மையின்கண் உள்ளது.

இஃது அற்பம் என்பாரும் உளர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்து வருகின்றது. காப்பாற்றிய ஏட்டைக் கண்டெடுக்கவும் வழி வேண்டுமன்றோ? கொழும்பிலே வளரும் எம் பிள்ளைகள் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்திற் பெயரிடுதலை எளிதெனக் கொள்கின்றனர். மரம் தமிழை முறைபிறழக் காட்டுமாயின் அப்பழக்கம் வேரூன்றிவிடும். நெடுங்கணக்கை அரிச்சுவடியிற் கற்றவன் அதனைப் பயன்படுத்த இடமின்றி மறப்பான்.

ஆகவே மாணவர்காள், உங்கள் கோப்புறைகளுக்குத் தமிழிற் பெயரிடுங்கள். கல்கிசை முதல் கடல்கடந்த நாடுகள் ஈறாக மென்பொருட்டுறையில் விளங்கும் பழைய மாணவர்காள், நீவிர் இயற்றும் மென்பொருளில் அவ்வோரிரு வரிகளைச் சேருங்கள். விழாமலரின் பக்கங்களைக் கணினியில் ஏற்றுவோர் இவ்வாண்டிலேயே இதனைத் தொடங்குவாராக. கிளை எத்துணை விரியினும் வரிசை தமிழ் வரிசையாகுக.