வீடு யார் பெயரில்?

மட்டக்களப்புப் பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்தால், மாப்பிள்ளை வீட்டார் முதலில் விசாரிப்பது வீட்டைத்தான். சுவர் எழும்பிவிட்டதா, கூரை போட்டாயிற்றா? மருமகளைப் புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போகும் பேச்சே அங்கு கிடையாது. தாலி கட்டிய மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீடு சீதன உறுதிப் பத்திரத்தில் பெண் பெயருக்கு மாறிவிடும். பெற்றோர் அதே வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி, அடுத்த மகளுக்காகக் கல் சேர்க்கத் தொடங்குவார்கள்.

இலங்கையின் கிழக்குக் கரையில் தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் உள்ள வழக்கம் இது. அங்கே குடி என்கிற வம்சக் கிளை தாய்வழியாக வரும். கோயில் நிர்வாகியான வண்ணக்கரின் பதவிகூட மகனைத் தாண்டி, சகோதரியின் மகனுக்குப் போவதுண்டு. முக்குவர் சட்டம் என்று சொத்துக்கும் தனிச் சட்டமே இருந்தது. 1876இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த சொத்துரிமைச் சட்டத்தோடு அதன் கதை முடிந்தது. சீதன வீடு மட்டும் அசையவில்லை. அக்கரைப்பற்றில் பல காலம் ஆய்வு செய்த மானுடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வந்த தம் நூலில் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

இதைப் பெண்ணாட்சி என்று கொண்டாடக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். வயலும் கோயில் நிர்வாகமும் பெரும்பாலும் ஆண்கள் கையில்தான். தங்கைக்கு வீடு முடியாமல் அண்ணன் கல்யாணம் நகராது. மகளுக்கு வீடு கட்ட வேண்டுமே என்று சவுதிக்கும் குவைத்துக்கும் வீட்டுவேலைக்குப் போன தாய்மார் ஏராளம். பணம் வரும் வேகத்தில்தான் சுவர் வளரும். பூசாத கல்லும் நீட்டிக்கொண்டிருக்கும் தூண் கம்பியுமாக வீடு வருஷக்கணக்கில் நிற்கும். ஆனாலும் ஒன்று: சண்டை முற்றினால் வெளியேற வேண்டியவர் புருஷன்தான். பக்கத்து வளவில் அம்மா, அக்கா, சின்னம்மா என்று துணைக்கு ஆளிருக்கும். புகுந்த வீட்டில் தனியாக மாட்டிக்கொள்ளும் நம்மூர்ப் பெண்ணுக்கு இது வாய்ப்பதில்லை.

2004 சுனாமி இந்தக் கரையை வாரிக்கொண்டு போனது. புதிதாகக் கட்டிக்கொடுத்த வீடுகளில் பலவும் ‘குடும்பத் தலைவர்’ பெயரில், அதாவது கணவர் பெயரில், பதிவாயின. தலைமுறை தலைமுறையாகப் பெண் கையில் இருந்ததை ஒரு விண்ணப்பப் படிவம் மாற்றிவிட்டது. மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் குரல் கொடுத்தன. கணவன்-மனைவி கூட்டுப் பெயரிலாவது பதியும்படி கேட்டன.

அதே ‘குடும்பத் தலைவர்’ தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் உண்டு. அங்கே கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று இருக்கிறது. 2021 அறிவிப்புப்படி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகை, மற்ற பெரியவர்களுக்கு 1,000. மாநிலம் முழுக்க முகாம்களில் 7,469 வீடுகள் புதிதாகக் கட்டும் திட்டமும் அப்போது வந்ததுதான். நல்ல காரியம், பத்துக்குப் பத்து அறையில் புடவைத் தடுப்புக் கட்டிக் குடித்தனம் நடத்தியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் முகாம் வீட்டைச் சீதனமாக எழுதிக்கொடுக்க முடியாது. மகளுக்குக் கல்யாணமானால் பெற்றோர் ஒதுங்கிக்கொள்ளப் பின்வளவும் கிடையாது. புதுமாப்பிள்ளை வந்தாலும் அதே கூரைக்குள்தான்.