வாய் அசைந்தால் போதுமா?



2018-ல் மறைந்த கலைஞர், 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் நூல் விழாத் திரையில் தோன்றி வாழ்த்தினார்! அடுத்த மாதம் மறைந்த ஜெயலலிதாவின் குரல் அ.தி.மு.க.வுக்கு ஆதரவு கேட்டது. செயற்கை நுண்ணறிவின் வேலை. ஊரறிந்த பொம்மலாட்டம், போகட்டும்.

நம் மைசூரில் பொறியியல் படித்த நாராயண மூர்த்தியின் கதை வேறு. முதலீட்டு விளம்பரங்களில் தம் முகத்தையும் குரலையும் போலியாக ஒட்டியிருக்கிறார்கள் என்று 2023 டிசம்பரில் அவரே எச்சரிக்க நேர்ந்தது. சென்ட்ரிங் வேலையில் கை காய்த்துச் சேர்த்த சீட்டுப் பணத்துக்குத்தான் இந்த வலை. ஏமாந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்குப் பேசுங்கள்.

போன பணமாவது ஒருவேளை திரும்பும். காவிரியின் பெயரால் ஒரு போலிப் படம் கிளம்பினால்? 1991 டிசம்பரில் மைசூரிலும் பெங்களூரிலும் நம்மவர் தாக்கப்பட்டபோது யார் கையிலும் செல்போன் இல்லை. வாய்வழி வதந்தியே போதுமாயிருந்தது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவியதும், பாவம், பலர் அஞ்சி ஊருக்கு ரயிலேறினர். அவர்களும் நம்மைப்போல் பிழைக்க வந்தவர்கள்தாமே!

சந்தா சேர்க்க மறைந்த தலைவர் ஒருவரைப் பேசவைத்துப் படம் போடலாம் என்று நம் சங்க இளைஞர் சிலர் கேட்டனர். மறுத்துவிட்டோம். சங்கத்தின் படத்தில் நம் தொழிலாளியே பேசுவார், திக்கித் திணறினாலும் சரி.