முதல் உத்தியோகமும் மேகத்துச் சாவியும்



முன்பெல்லாம் நம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு உத்தியோகம் என்றால் ஒன்று டீச்சர், இல்லாவிட்டால் நர்ஸ், அதுவும் இல்லாவிட்டால் பாங்கு. சேருகிற அன்று ரிஜிஸ்தரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மேஜையையும் பீரோவையும் காட்டுவார்கள். சாவியைக் கையில் கொடுப்பார்கள். பக்கத்து மேஜை அக்கா ஒரு வாரம் கூடவே இருந்து 'இது இங்கே, அது அங்கே' என்று சொல்லித் தருவார்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2024 பிப்ரவரியில் விழுப்புரத்திலும், அதே வருஷம் செப்டம்பரில் நம் தஞ்சாவூரிலும் சின்ன டைடல் பூங்காக்களைத் திறந்தார்கள். தஞ்சாவூரில் உள்ளது சுமார் 55 ஆயிரம் சதுர அடி. பாபநாசத்திலிருந்தோ திருவையாற்றிலிருந்தோ பஸ் ஏறிப் போய் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம் என்கிற காலம் வந்தாச்சு. ஆனால் இந்தக் காரியாலயங்களில் சாவிக்கொத்து கிடையாது. போனில் ஒரு லிங்க், ஒரு யூசர் பெயர், ஒரு பாஸ்வேர்ட், அவ்வளவுதான். மேஜை, பீரோ, தபால், பேச்சு எல்லாமே அதற்குள்தான். அதைக் 'கிளவுட்' என்கிறார்கள், அதாவது மேகம்.

மேகம் என்றதும் வானத்தைப் பார்க்க வேண்டாம். நம் வீட்டு நெல்லை நம் வீட்டுப் பத்தாயத்தில் கொட்டி வைத்தால், அது நம் கம்ப்யூட்டரில் வைத்த மாதிரி. பொதுக் கிடங்கில் நம் பெயரில் மூட்டை போட்டு வைத்தால், அது மேகம். பெரிய கட்டடத்தில் குளிர்சாதனம் போட்டு வரிசை வரிசையாக அடுக்கிய கம்ப்யூட்டர்கள்தான் அந்தக் கிடங்கு. நம் ஜோஹோ கம்பெனி சென்னையிலும் மும்பையிலும் அப்படி வைத்திருக்கிறது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவுக்குப் பூர்வீகம் தஞ்சை மாவட்டம். 1996-இல் வேறு பெயரில் ஆரம்பித்த கம்பெனிக்கு 2009-இல் ஜோஹோ என்று பெயர் வைத்தார்கள். 2011-இல் தென்காசிப் பக்கம் கிராமத்திலேயே ஆபீஸ் போட்டார்கள். கூகுளும் மைக்ரோசாப்டும் இதே மாதிரி ஏற்பாடு வைத்திருக்கின்றன. சில கம்பெனிகள் தங்கள் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே தனிக் கிடங்கு கட்டிக்கொள்வதும் உண்டு. பெயர்தான் வேறு. உள்ளே போனால் கடிதம், கோப்பு, அரட்டை, நாட்காட்டி, வீடியோ மீட்டிங் என்று எல்லாவற்றிலும் அதே ஐந்து அறைகள்தான்.

இதில் அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது. என் அக்கா மகள் விஷயத்தைச் சொல்கிறேன்.

கும்பகோணத்தில் பி.காம். படித்த பெண். ஒரு கம்பெனியில் கணக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை லிங்க் வந்தது. 'எல்லாம் உள்ளே இருக்கிறது, பார்த்துக்கொள்' என்று ஒரு வரி. சொல்லித்தர ஆள் கிடையாது. மூன்றாம் நாள் ராத்திரி எனக்குப் போன்.

"சித்தி, எல்லாரும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசறாங்க. எந்த ஃபோல்டர்ல எதைப் போடணும்னே தெரியலே. கேட்டா மக்குன்னு நினைச்சுக்குவாங்க. விட்டுட்டு வந்துடட்டுமா?"

அக்கா பக்கத்திலிருந்து, "அழுதுக்கிட்டு ஒண்ணும் உத்தியோகம் பார்க்க வேணாம். வரன் பார்த்து முடிச்சுடலாம்" என்கிறாள். மூன்று வருஷப் படிப்பு மூன்றே நாளில் முடிந்துவிடும் போலிருந்தது. அதுவும் ஒரு ஃபோல்டருக்காக!

நான் அவளிடம் ஒன்று கேட்டேன். "நம்ம ஊர்ல நடவுக்குப் புதுசா வர்ற பொண்ணை எங்கேடி நிறுத்துவாங்க?" "பழகின ரெண்டு பேருக்கு நடுவுலே." "ஏன்?" "வரிசை கோணாம இருக்க." "அவ்வளவுதான் கண்ணு. உன்னை ஓரத்துல நிறுத்திட்டாங்க. நடுவுல நிறுத்தச் சொல்லிக் கேளு. நாத்து நடத் தெரியலேன்னு இல்லே, நிறுத்தின இடம் சரியில்லே."

மறுநாள் காலையில் மேலதிகாரிக்கு அவள் எழுதியது மூன்றே வரி: 'எனக்கு வேலை புரிகிறது. கோப்புகள் எங்கே இருக்க வேண்டும் என்பது புரியவில்லை. ஒரு வாரம், தினம் அரை மணி நேரம் யாரிடம் கேட்கலாம்?' மத்தியானத்துக்குள் ஒரு பெண்ணைக் கைகாட்டினார்கள். இன்றைக்கு இரண்டு வருஷமாக அதே கம்பெனியில் இருக்கிறாள். புதிதாகச் சேருபவர்களுக்கு இப்போது அவள்தான் சொல்லித் தருகிறாள்.

ஆகவே சகோதரிகளே, பெண்ணோ பிள்ளையோ முதல் வேலைக்குப் போகும்போது, அல்லது குழந்தை பிறந்தபின் நாமே மறுபடி வேலைக்குப் போகும்போது, தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

சாவி யார் கையில்?

நம் வீடுகளில் பாதி சிம் கார்டுகள் அப்பா பெயரில்தான் இருக்கும். அதைவிடச் சங்கடம், ஆபீஸ் கணக்குக்கும் அப்பா நம்பரையே கொடுத்துவிடுவது. பாஸ்வேர்ட் போட்டபின் போனுக்கு ஒரு ஓடிபி எண் வரும். அதுதான் இரட்டைத் தாழ்ப்பாள். காலை 10 மணிக்கு மகள் ஆபீஸில் தவிப்பாள், ஓடிபியோ வயலில் நிற்கிற அப்பாவின் சட்டைப் பையில் அடிக்கும். முதல் காரியமாக அவள் கையில் இருக்கும் நம்பரைக் கொடுக்கச் சொல்லுங்கள். போன் தொலைந்தால் உபயோகிக்க என்று சில மாற்று எண்களையும் பெரும்பாலான கணக்குகள் தரும். அதைக் காகிதத்தில் எழுதி பீரோவில் பத்திரப்படுத்தலாம்.

பாஸ்வேர்ட் குலதெய்வத்தின் பெயரும் பிறந்த வருஷமுமாக இருக்க வேண்டாம். ஊரில் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். சம்பந்தமில்லாத நாலைந்து வார்த்தைகளைக் கோத்து நீளமாக வைத்தால் மறக்கவும் மறக்காது, மற்றவர்களுக்குப் பிடிபடவும் படாது. அடுக்களை மாதக் காலண்டரில் எழுதி வைக்காதீர்கள்.

'எங்களுக்குத் தெரியாம என்ன ரகசியம்?' என்று மகளின் ஆபீஸ் பாஸ்வேர்டைக் கேட்பதும் தப்பு. அது அவள் ரகசியமல்ல, கம்பெனியின் பெட்டிச் சாவி. தம்பி விளையாட ஆபீஸ் லாப்டாப்பைக் கொடுப்பதும் அதே ரகம்தான். ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவள் அவள்.

கரண்டி யார் கையில்?

கோப்பு அறையில்தான் புதியவர்கள் பயப்படுவார்கள். ஒரு கோப்பைப் பிறருக்குக் கொடுப்பதில் மூன்று வகை. பார்க்க மட்டும் விடுவது ஒன்று. சமையலை எட்டிப் பார்க்கிற விருந்தாளி மாதிரி. கருத்துச் சொல்ல விடுவது இரண்டாவது. 'உப்பு கொஞ்சம் குறைச்சல்' என்று சொல்லலாம், கை வைக்க முடியாது. திருத்த விடுவது மூன்றாவது. கரண்டியையே கையில் கொடுத்துவிடுகிறோம். யாருக்கு எது என்று யோசித்துக் கொடுக்க வேண்டும். 'லிங்க் கிடைத்தவர் யாரும் பார்க்கலாம்' என்று நாலாவதாக ஒன்று இருக்கும். அது வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குகிற மாதிரி. சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் விலாசம் போன்றவற்றுக்கு அந்தப் பக்கமே போகக்கூடாது.

பொதுக் கோப்பைத் தவறிப்போய் அழித்துவிட்டால் உலகம் இடிந்துவிடாது. கூகுள் டிரைவில் அழித்தது 30 நாள் வரை குப்பைக் கூடையில் இருக்கும், எடுத்து வைக்கலாம். தப்பாகத் திருத்தினாலும் நேற்று இருந்த நிலைக்குத் திருப்ப வழி உண்டு. மறைக்காமல் உடனே மேலே சொல்வதுதான் முக்கியம். அன்றே சொன்னால் ஐந்து நிமிஷ வேலை. இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தால் கிடைக்காமலே போகலாம்.

சொந்த விஷயத்துக்கு இடமில்லை

ஜாதகம், கல்யாணப் போட்டோ, சீமந்த வீடியோ எல்லாவற்றையும் ஆபீஸ் கிடங்கில் 'இடம் நிறைய இருக்கே' என்று போட்டு வைக்கிறார்கள். வேண்டாம். கம்பெனி நினைத்தால் அங்கே இருப்பதைப் பார்க்க முடியும். வேலையை விட்டால் கணக்கை மூடிவிடுவார்கள்; போட்டோவும் சேர்ந்து போகும். அதற்கு மாறாக, நியமனக் கடிதம், மாதச் சம்பளச் சீட்டு, வருமான வரிப் பிடித்தச் சான்று இவை நமக்கு உரியவை. அவ்வப்போது நம் சொந்த மெயிலில் ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பாங்குக் கடன் கேட்கும்போது இவைதான் கைகொடுக்கும். கம்பெனியின் வேலைக் கோப்புகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

ஆதார் நகல் கேட்டால், முழு எண்ணும் அவசியமா என்று விசாரியுங்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற பிரதியும் எடுக்கலாம்.

ஜாக்கிரதை!

'லாப்டாப் அனுப்ப டெபாசிட் கட்டுங்கள்', 'டிரெயினிங் பணம் கட்டினால்தான் உள்ளே விடுவோம்' என்று கடிதம் வந்தால் அங்கேயே நில்லுங்கள். வேலை கொடுக்கிறவன் பணம் கேட்டால் சந்தேகப்படத்தான் வேண்டும். சேர்ந்த பிறகும், 'நான்தான் மேனேஜர், அவசரமாக ஒரு பரிசுக் கூப்பன் வாங்கி நம்பரை அனுப்பு' என்று மேலதிகாரி பெயரிலேயே எழுதுவார்கள். பெயரைப் பார்க்காமல் விலாசத்தைப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்து மாறியிருக்கும். பணம் போய்விட்டால் கூச்சப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. சொல்லக் கூசினாலும் சொல்லியாக வேண்டும். ஆபீஸ் அரட்டையில் எவனாவது அசிங்கமாக எழுதினால், பெண்கள் முதலில் அழித்துவிடுவார்கள். அழிக்கக் கூடாது. தேதியோடு படம் பிடித்து வைக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். 'உனக்கு எதுக்கு வம்பு, வேலையை விட்டுடு' என்று நாம் சொல்லிவிட்டால் அவள் இனி எதையும் நம்மிடம் சொல்ல மாட்டாள்.

உடம்பும் வீடும்

கண்ணுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் இருப்பதை 20 விநாடி பார்ப்பது. கொல்லையில் வாழை மரம் இருந்தால் அதையே பார்க்கலாம். கட்டிலில் கவிழ்ந்து படுத்து டைப் அடிக்க விடாதீர்கள். முதுகு தாங்கும் நாற்காலியும், பாதம் தரையில் பதிவதும் அவசியம். கால் எட்டாவிட்டால் ஒரு மனைப்பலகை போதும்.

2020-க்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்பது சகஜமாகிவிட்டது. வீட்டில் இருப்பதாலேயே சும்மா இருப்பதாக அர்த்தமில்லை. மீட்டிங் நடக்கும்போது "காபி வேணுமா?" என்று நுழையாமல் இருக்க, அவள் நாட்காட்டியைக் கேட்டு, மீட்டிங் நேரத்தைச் சமையலறையில் எழுதி வையுங்கள். அவளும் வேலை முடிந்ததும் ஆபீஸ் அரட்டையின் மணியை நிறுத்திவைக்கப் பழக வேண்டும். சாப்பாட்டு இலைக்கு முன்னால் மேலதிகாரி உட்கார வேண்டாம்.

முதல் வாரத்துக்கு (வெட்டி பீரோவில் ஒட்டிக்கொள்ள):

திங்கள்: தன் நம்பரில் ஓடிபி. மாற்று எண்கள் காகிதத்தில்.
செவ்வாய்: யாரிடம் சந்தேகம் கேட்பது என்று பெயர் தெரிந்துகொள்வது.
புதன்: எந்தக் கோப்பு எந்த ஃபோல்டரில் என்று சின்ன நோட்டில் கையால் எழுதுவது.
வியாழன்: தான் கொடுத்த கோப்புகளை யார் யார் பார்க்க முடியும் என்று சரிபார்ப்பது.
வெள்ளி: வாரத்தில் கற்றதை மேலதிகாரிக்கு நாலு வரியில் எழுதி, மிச்சச் சந்தேகத்தையும் அதிலேயே கேட்பது.

அந்தச் சின்ன நோட்டை மட்டும் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த வருஷம் அந்தக் கம்பெனிக்கு வேறு யார் வீட்டுப் பெண்ணோ புதிதாக வருவாள். அவளை நடுவில் நிறுத்திக்கொள்ள அது உதவும்.