சாதியே தெரியாமல் படித்த காலம்

இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் 'முன்னாள் மாணவர் சந்திப்பு' நடந்துகொண்டிருக்கிறது. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன், மார்பில் படித்து முடித்த ஆண்டு, ஒரு கேக், வயதான பேராசிரியருக்குப் பொன்னாடை, கடைசியில் கூட்டமாக ஒரு போட்டோ. வாட்ஸ்அப் குழுக்கள் வந்தபிறகு இது ஊர்த் திருவிழா மாதிரியே ஆகிவிட்டது. பழகியவர்கள் கூடிப் பேசுவதில் தப்பில்லை, பேசட்டும். ஆனால் மைக் கைக்கு வந்ததும் யாராவது ஒருவர் தவறாமல் சொல்லிவிடுகிறார்: "நாம படிச்ச காலத்துல சாதின்னா என்னன்னே தெரியாதுப்பா. இப்பத்தான் எல்லாம் கெட்டுப் போச்சு." உடனே கைதட்டல். நம்முடைய ஆளும் நாலாவது வரிசையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறார். அவர் ஏன் தட்டுகிறார் என்பதைத்தான் இந்த இதழில் பேச வேண்டியிருக்கிறது.

சாதி தெரியாது என்றால் யாருக்குத் தெரியாது? செருப்புப் போட்டு நடந்தவனிடம் பாதையைப் பற்றிக் கேட்டால் முள்ளே இல்லை என்றுதான் சொல்லுவான், அவன் பொய் சொல்லவில்லை. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஆபீசிலிருந்து குமாஸ்தா ஒரு தாளோடு வருவார். "எஸ்.சி., எஸ்.டி. பசங்கள்லாம் எழுந்திரிங்க, ஸ்காலர்ஷிப் பாரத்துல கையெழுத்துப் போடணும்." ஐம்பது பேர் இருக்கிற இடத்தில் பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள். நாற்பது தலை திரும்பும். அதுவரை ஒரே பெஞ்சில் தோளில் கை போட்டு உட்கார்ந்திருந்தவன் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் வரும். அவன் ஒன்றும் கேட்க மாட்டான், "ஓ, நீயா?" என்கிற ஒரு பார்வைதான். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவன் வேறு பெஞ்சில் இருப்பான். உட்கார்ந்தே இருந்த நாற்பது பேருக்கு இது மறந்து போயிருக்கலாம், அவர்களுக்கு அது பத்து நிமிஷம் பாடம் நின்ற ஒரு பிற்பகல், அவ்வளவுதான். எழுந்து நின்ற பத்துப் பேரைக் கேளுங்கள், சுவரில் எந்தப் பக்கம் கடிகாரம் மாட்டியிருந்தது என்பதுவரை சொல்லுவார்கள்.

இது நேற்று முந்தாநாள் கதையும் அல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் எழுதிய தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் வாசித்த நாட்களைச் சொல்லுகிறார். அங்கே சுமார் 400 பேர் படித்திருக்கிறார்கள், பத்துப் பேர் தவிர மீதி எல்லாரும் பிராமணர். சிநேகிதம் வைத்துக்கொண்டால் ஊர் எது, குடும்பம் எது என்று பேச்சு வரும், அதிலிருந்து சாதி வெளியே வந்துவிடும் என்று பயந்து, மணி அடிக்கிறவரை பள்ளிக்கு வெளியே எங்கேயாவது ஒதுங்கி வாசித்துக்கொண்டிருந்துவிட்டு அப்புறம்தான் உள்ளே போவாராம். வகுப்பு விட்டதும் மற்றப் பிள்ளைகள் எட்டிப்பிடிக்க முடியாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவாராம். பிற்காலத்தில் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தியவர், 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் போய் உட்கார்ந்தவர், மாணவப் பருவத்தில் கூடப்படிக்கிற பிள்ளைகளுக்குப் பயந்து தெருவில் வேகமாக நடந்திருக்கிறார். தமிழில் எழுதப்பட்ட 'கல்லூரி நினைவுகள்' எத்தனையோ இருக்கின்றன. ஆற்றங்கரை, ஓட்டல் காபி, ஆங்கிலப் பேராசிரியரின் ஷேக்ஸ்பியர் என்று மணமணக்கும். இந்த வேக நடை அவற்றில் எங்கேயாவது வருகிறதா?

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. கல்லூரியின் கடைசி வருஷத்தில் வகுப்பு முழுக்கச் சேர்ந்து விருந்து வைக்கிறார்கள். உடுத்திக்கொண்டு போக ஒரு நல்ல சேலை இல்லை. விருந்து முடிகிறவரை அந்தப் பெண் குளியலறைக்குள் போய் இருந்துவிடுகிறாள். அந்த வகுப்பின் குரூப் போட்டோவை வைத்துக்கொண்டு இன்றைக்கு யாராவது "அந்தப் பார்ட்டி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்? ஆதிக்கசாதி நினைவுக்கும் நம் நினைவுக்கும் நடுவே இருக்கிறது அந்தக் குளியலறைக் கதவு. 'எல்லோரும் ஒன்றாக இருந்தோம்' என்று கட்டமைக்கப்படுகிற பொது நினைவு, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவளை எண்ணாமலேயே ஆட்களை எண்ணி முடித்துவிடுகிறது.

கல்லூரியைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பாபாசாகேப் பேசியிருக்கிறார். பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர், 1930இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் இதழில், தம் வாழ்க்கையில் கிடைத்த நல்ல நண்பர்கள் அங்கே கூடப்படித்தவர்களும் ஜான் டூவி, செலிக்மன் போன்ற ஆசிரியர்களும்தான் என்கிற பொருளில் மனம் விட்டுச் சொல்லியிருக்கிறார். சாதி தெரியாமல் படித்த காலம் என்று ஒன்று அவருக்கு நிஜமாகவே இருந்தது, அதற்குக் கடல் தாண்ட வேண்டியிருந்தது. 1917இல் திரும்பி வந்து பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை, பார்சி விடுதியிலிருந்தும் தடியோடு வந்து விரட்டினார்கள். 1918இல் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தபோது, ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று சக பேராசிரியர்களே ஆட்சேபித்தார்கள். கொலம்பியாவில் படித்த பொருளாதாரத்துக்கும் அந்தப் பானைக்கும் சம்பந்தம் இல்லை பாருங்கள்! அதனால்தான் அவர் கல்லூரி கட்டினார். 1945இல் மக்கள் கல்விக் கழகம், 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி, 1950இல் அவுரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி. பின்னாளில் பம்பாய் சித்தார்த்த விகார் விடுதியில் கூடிப் பேசிக்கொண்டிருந்த இளைஞர்கள்தான் 1972இல் தலித் பாந்தர்களாக வெளியே வந்தார்கள். மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரை வைக்க 1978இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, பெயர்ப்பலகை மாற 1994 சனவரி வரை ஆனது. நடுவில் எரிந்த குடிசைகள் எத்தனை! ஒரு பல்கலைக்கழகத்தின் பெயருக்கே இந்தப் பாடு.

இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரியில் 2008 நவம்பர் 12 அன்று நடந்ததைத் தொலைக்காட்சிகள் ஓட்டி ஓட்டிக் காட்டின. தேவர் ஜெயந்தி சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்து 'அம்பேத்கர்' வெட்டப்பட்டதில் அந்தச் சண்டை தொடங்கியது என்பது காட்சிக்குள் வரவே இல்லை. அடித்ததை நாம் நியாயப்படுத்தவில்லை. கேட்டுக்கு வெளியே கைகட்டி நின்ற போலீசையும் மறக்கவில்லை. அந்த ஆண்டு அங்கே படித்தவர்கள் இன்று நீதிமன்றங்களில் கறுப்பு அங்கியோடு ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார்கள். அவர்கள் சந்திப்பு நடத்தினால் எந்த மைக்கில் என்ன பேசுவார்கள்? கூடிப் பேசப் பழைய இடமும் இல்லை. 2018இல் கல்லூரியையே ஊருக்கு வெளியே புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் கொண்டுபோய்விட்டார்கள்.

குரூப் போட்டோவில் இல்லாதவர்களையும் சொல்லியாக வேண்டும். சேலம் பக்கத்திலிருந்து ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போன செந்தில்குமார், 2008. அதே பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா, 2016 சனவரி 17. அதே சேலத்திலிருந்து டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குப் போன முத்துக்கிருஷ்ணன், 2017 மார்ச். மும்பையில் மருத்துவ மேற்படிப்புப் படித்த ஆதிவாசிப் பெண் பாயல் தட்வி, 2019 மே. விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ரோகித்தும் தோழர்களும் வளாகத்துக்குள்ளேயே திறந்த வெளியில் கூடாரம் போட்டு அதற்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் அதற்குச் சேரி என்று அர்த்தம். மத்தியப் பல்கலைக்கழகத்துக்குள் ஒரு சேரி! ஏழு மாத உதவித்தொகை, 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய், தமக்கு வரவேண்டியிருக்கிறது, அதை வாங்கி வீட்டுக்குக் கொடுங்கள் என்று கடைசிக் கடிதத்திலும் அவர் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பாகுபாட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2012இலேயே விதிமுறை போட்டாகிவிட்டது. அது காகிதத்தில் இருந்ததால்தான் ரோகித்தின் தாயும் பாயலின் தாயும் 2019இல் உச்சநீதிமன்றப் படி ஏறினார்கள். பிள்ளைகளுக்குப் பட்டமளிப்பு விழாப் பார்க்க வேண்டிய தாய்கள்.

அதற்காக நம் பிள்ளைகளின் கல்லூரி வாழ்க்கை முழுக்க ஒப்பாரிதான் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். இது இன்னொரு தொல்லை. முற்போக்கு நண்பர்கள் நம்மிடம் கேட்பதெல்லாம் கண்ணீர்தான். ஆஸ்டலைப் பற்றிப் பேசு என்பார்கள், பேசினால் 'எவ்வளவு வலி!' என்று உச்சுக் கொட்டுவார்கள். ஆஸ்டலில் நாங்கள் சிரித்த சிரிப்பு அவர்களுக்கு வேண்டாம். ஆதிதிராவிடர் நல விடுதியில் சாம்பாருக்கு வைத்த பட்டப்பெயர்கள் என்ன, வார்டன் நடையை நடித்துக் காட்டுகிறவன் என்ன, ஒரே நல்ல சட்டையை நாலு பேர் முறை வைத்துப் போட்டுக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனது என்ன, ராத்திரி பக்கெட்டையும் தட்டையும் வைத்து அடித்த அடி என்ன! பத்துப் பேர் படுக்க வேண்டிய அறையில் இருபது பேர் படுத்தால் சண்டையும் வரும், அம்பேத்கர் தொகுதி ஒன்று கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்தும் போகும். அரசியல் படித்தது அங்கேதான், வகுப்பறையில் இல்லை. அரசு 2025 சூலையில் இந்த விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றியிருக்கிறது. நல்ல பெயர். கழிப்பறைக்குக் கதவும் போட்டுவிட்டால் பெயருக்குப் பொருத்தமாக இருக்கும்.

இனி, படித்து முடித்த கையோடு நிற்கிற இந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு. சந்திப்பு நடத்த இருபத்தைந்து வருஷம் காத்திருக்காதீர்கள், அதற்குள் நீங்களும் நாலாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டப் பழகிவிடுவீர்கள். வேலை, வாடகை வீடு, பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் என்று ஆகிவிட்டால் வாய் தானாக மூடிக்கொள்ளும். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. வேக நடை போட்டவரின் பேரப்பிள்ளைகள்தானே நாம். வெளியே தெரியாமல் இருந்துவிட்டால் பிழைத்துப் போகலாம் என்பது நமக்கு நூறு வருஷத்துப் பாடம்.

இப்போது ஞாபகம் சூடாக இருக்கிறது, இப்போதே எழுதுங்கள். முக்கியமாகப் பணக்கணக்கை எழுதுங்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற தாழ்த்தப்பட்ட மாணவருக்கான உதவித்தொகை 1944இல் தொடங்கியது, வெள்ளைக்காரன் காலத்துத் திட்டம். எண்பது வருஷம் தாண்டியும் பிள்ளை சேருகிற மாதம் வேறு, பணம் வருகிற மாதம் வேறு. மத்திய அரசு 2020 டிசம்பரில் அறுபதுக்கு நாற்பது என்று மாநிலங்களோடு பங்கு பிரித்து, தன் பங்கை நேராக மாணவரின் வங்கிக் கணக்கில் போடுவதாக அறிவித்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கல்லூரி அதுவரை காத்திருக்குமா? "முதல்ல கட்டு, வந்ததும் எடுத்துக்க" என்கிறார்கள். அப்பன் வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறான். உதவித்தொகை வந்து சேரும்போது வட்டி அதைத் தின்று முடித்திருக்கிறது. தனியார் கல்லூரிக் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012இல் தமிழக அரசு போட்ட 92ஆம் எண் அரசாணையைக் கையில் வைத்துக்கொண்டே பணம் கட்டினவர்கள் உண்டு. கட்ட முடியாதவர்களுக்குத் தேர்வு நுழைவுச்சீட்டைப் பிடித்துக்கொண்டார்கள், மாற்றுச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டார்கள். படித்து முடித்தும் பட்டம் கைக்கு வராமல் சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைகளை நமக்குத் தெரியும். இவர்களெல்லாம் எந்த 'பேட்ச்'சில் வருவார்கள்? எந்தப் பனியனில் இவர்கள் ஆண்டை அச்சடிப்பது?

கிறிஸ்தவ தலித் பிள்ளைகள் தங்கள் கதையைத் தனியாக எழுத வேண்டும். 1950 குடியரசுத்தலைவர் ஆணை சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்துகொண்டு, இவர்களுக்கு மட்டும் மூடியே இருக்கிறது. கல்லறையில் தனிச்சுவர், சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர். பெண் பிள்ளைகள் எழுத வேண்டும். தெருவிலேயே முதல் பட்டதாரி என்று சொல்லிக்கொண்டே ஆறு மணிக்குமேல் நூலகத்துக்கு விடாத கதையை, அதில் நம்முடைய வீட்டு ஆம்பிளைகளின் பங்கையும் மறைக்காமல்.

அடுத்த இதழிலிருந்து இதற்காக எட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். நடை அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை, பேசுகிற மாதிரியே எழுதினால் போதும். பெயர் போட விருப்பமில்லை என்றால் வேண்டாம், மாவட்டமும் படித்த ஆண்டும் மட்டும் போடுகிறோம். கட்டணம் கட்டின ரசீது, பணம் வரவு வைத்த வங்கிப் புத்தகத்தின் பக்கம், சான்றிதழைத் தர முடியாது என்று எழுதிக் கொடுத்த தாள் எது இருந்தாலும் நகல் எடுத்துக் கூட வையுங்கள். விடுதிச் சாம்பாருக்கு உங்கள் ஊரில் வைத்த பட்டப்பெயரையும் மறக்காமல் எழுதி அனுப்புங்கள்.

- ஆசிரியர் குழு